'ஷ்ரூட்' என்ற ஆங்கிலச் சொல்: வசையாகப் பிறந்தது பாராட்டானது எப்படி?

வெண்தாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணவர் இறந்த பிறகு அவருடைய வணிகத்தைத் தாமே ஏற்று முப்பது ஆண்டுகள் நடத்திய ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி வருகிறேன். நூலாசிரியர் அவரைப் பற்றிப் பேசும்போது 'ஷ்ரூட்' என்ற பெயரடையை மூன்று இடங்களில் ஆள்கிறார். ஆட்களை மதிப்பிடுவதில் அவர் 'ஷ்ரூட்' என்கிறார்; அவர் செய்த ஒரு முதலீட்டை 'ஷ்ரூட்' என்கிறார்; பங்காளி ஒருவர் விலகப் போகிறார் என்று அவர் முன்கூட்டியே ஊகித்ததை 'ஷ்ரூட்' ஊகம் என்கிறார். நான் மூன்று இடங்களிலும் 'தந்திரம்' என்ற சொல்லை வைத்தே எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: "இந்த அம்மையார் யாரை ஏமாற்றினார்?"

அந்த வரி என்னை வெட்கப்பட வைத்தது. ஆனால் அகராதியைத் திறந்தால் குழப்பம் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. கூர்மதியுள்ள, தந்திரமான, சூழ்ச்சித்திறமுள்ள, கடுமையான, தீய என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் ஒரே சொல்லுக்குக் கீழே அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, நல்ல பொருளும் கெட்ட பொருளும் இதற்குள் எப்படிக் குடிபுகுந்தன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நுண்பொருள் எழுதியது:

வெண்தாள் அவர்களுக்கு வணக்கம். அகராதி உங்களைக் குழப்பவில்லை. எழுநூறு ஆண்டு வரலாற்றைக் காலம் குறிப்பிடாமல் ஒரே வரியில் மடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பிரித்துப் பார்த்தால் வரிசை தெரியும்.

'ஷ்ரூட்' என்ற சொல்லின் அடி 'ஷ்ரூ' என்ற பெயர்ச்சொல். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது கொடியவன், தீயவன் என்று பொருள்பட்டது. பிற்காலத்தில் வாயாடிப் பெண்ணைக் குறிக்கும் வசையாக அது சுருங்கிவிட்டாலும், தொடக்கத்தில் ஆண்களையே குறித்தது. ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய பதினான்காம் நூற்றாண்டிலும் ஆண்களை அப்படி அழைக்கும் வழக்கம் இருந்தது. அதன் மேல் 'எட்' என்ற விகுதி சேர்ந்து 1300-ஐ ஒட்டி 'ஷ்ரூட்' என்ற பெயரடை தோன்றியது. நாயின் பெயரிலிருந்து 'டாகெட்' என்றும் நண்டின் பெயரிலிருந்து 'கிராபெட்' என்றும் பெயரடைகள் பிறந்த அதே பாங்குதான் இது. 'சபித்தல்' என்ற பொருளில் 'ஷ்ரூ' வினையாகவும் வழங்கியதால், 'சபிக்கப்பட்ட' என்ற எச்சமே பெயரடையாக நிலைத்தது என்று கொள்வோரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் முதற்பொருள் 'கொடிய' என்பதே.

கொடியவன் தருவது துன்பம். ஆகவே அடுத்த கட்டத்தில் ஆளை விட்டுச் செயலுக்கும் பொருளுக்கும் இந்தச் சொல் தாவியது. வலிக்கும் அடி, வாட்டும் குளிர், கெட்ட செய்தி ஆகிய எல்லாமே 'ஷ்ரூட்' ஆயின. ஹாம்லெட் நாடகத்தின் முதல் அங்கத்தில் நள்ளிரவில் கோட்டை மதில்மேல் நிற்கும் இளவரசன், காற்று 'ஷ்ரூட்' ஆகக் கடிக்கிறது என்று சொல்வது இந்தப் பொருளில்தான். உங்கள் அகராதியில் உள்ள 'கடுமையான' என்பது அங்கிருந்து வருகிறது. காற்றுக்கு அறிவு கிடையாது. ஆனால் குத்தும் தன்மை உண்டு. அந்தக் குத்தும் தன்மைதான் பாலமாக அமைந்தது என்பது என் கருத்து. உடலில் குத்தும் கூர்மை நாக்கின் கூர்மையாயிற்று, நாக்கின் கூர்மை அறிவின் கூர்மையாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தது.

அந்த மாற்றத்தை நடுவழியில் பிடித்துக் காட்டும் ஓர் இடம் ஷேக்ஸ்பியரிடம் இருக்கிறது. 1600-இல் அச்சான 'மச் அடோ அபௌட் நத்திங்' நாடகத்தின் இரண்டாம் அங்கம், முதற்காட்சி. பியாட்ரிஸ் என்ற பெண்ணிடம் அவளுடைய பெரியவர் லியோனாட்டோ, நாக்கு இவ்வளவு 'ஷ்ரூட்' ஆக இருந்தால் உனக்குக் கணவன் கிடைக்கவே மாட்டான் என்கிறார். அது கண்டிப்பு, அங்கே பொருள் 'பொல்லாத நாக்கு' என்பது. சற்று நேரம் கழித்து, திருமணத்தைப் பற்றி அவள் அடுக்கிச் சொல்லும் உவமைகளைக் கேட்டுவிட்டு, நீ மிகவும் 'ஷ்ரூட்' ஆகப் புரிந்துகொள்கிறாய் என்று அதே மனிதர் அவளிடமே சொல்கிறார். அவளோ, எனக்கு நல்ல கண் இருக்கிறது, பட்டப்பகலில் தேவாலயம் எனக்குத் தெரியும் என்று பதில் தருகிறாள். ஒரே காட்சி, அதே பெரியவர், அதே பெண். நாக்கைப் பற்றிச் சொன்னபோது வசை. கண்ணையும் அறிவையும் பற்றிச் சொன்னபோது ஏறக்குறையப் பாராட்டு. எனக்கு இந்தச் சொல்லின் வரலாறு முழுவதும் அந்த இரண்டு வரிகளுக்கு இடையில்தான் இருப்பதாகத் தோன்றும்.

கடைமடை எழுதியது:

நுண்பொருள் ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் அவர் ஒரு படி முன்னதாகவே நிறுத்திவிட்டார். 'ஷ்ரூ' என்பது ஒரு விலங்கின் பெயரும் ஆகும். நம்முடைய மூஞ்சூறுதான் அது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்க்ரேயாவா' என்று வழங்கிய விலங்குப் பெயரிலிருந்தே கொடியவனைக் குறிக்கும் சொல் பிறந்தது என்று படித்திருக்கிறேன். மூஞ்சூறு போன்ற ஓர் எளிய உயிரைக் கொடுமைக்கு அடையாளமாக்கியது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

விலங்கியல் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மூஞ்சூறு எலி இனமே அன்று. எலி கொறிக்கும் விலங்கு. மூஞ்சூறு பூச்சியும் புழுவும் தின்னும் விலங்கு, அகழெலிக்கும் முள்ளெலிக்கும் உறவு. இங்கிலாந்தில் மிகுதியாகக் காணப்படும் பொது மூஞ்சூறு பத்து கிராம் அளவே எடையுள்ளது. ஆனால் நாளொன்றுக்குத் தன் எடையில் 80 முதல் 90 விழுக்காடு வரை இரை தின்றாக வேண்டும்; சில மணி நேரம் இரை கிடைக்காவிட்டால் இறந்துவிடும். அதனால் இரவும் பகலும் ஓயாமல் மூக்கை நீட்டி முகர்ந்துகொண்டே அலையும். இன்னொரு மூஞ்சூறு எதிர்ப்பட்டால் கிறீச்சிட்டுச் சண்டையிடும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உயிர், ஆனால் கிட்டே போனால் சீறும்.

அதற்கு நஞ்சு உண்டு என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் மிகப் பழையது. அதன் கடி குதிரைக்குக் கேடு என்று அரிஸ்டாட்டில் காலத்திலேயே பேச்சு இருந்தது. லத்தீனில் அதற்குச் 'சிலந்தி எலி' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'முசரேஞ்' என்று இன்றும் வழங்கும் பெயர் அதன் திரிபு. கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் 1789-இல் வெளியிட்ட செல்போர்ன் ஊரின் இயற்கை வரலாற்றில், மூஞ்சூறு மேலே ஊர்ந்து சென்றாலே மாட்டுக்கு உறுப்பு வலித்து இயக்கம் கெட்டுவிடும் என்று மக்கள் நம்பியதையும், அதற்கு அவர்கள் வைத்திருந்த மருந்தையும் எழுதியிருக்கிறார். 'ஆஷ்' மரத்தின் தண்டில் துரப்பணத்தால் ஆழமாகத் துளையிட்டு, உயிருள்ள மூஞ்சூறு ஒன்றை அதற்குள் திணித்து அடைத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்த மரத்துச் சிறு கிளையால் மாட்டைத் தடவினால் நோய் நீங்கும் என்பது நம்பிக்கை. படிக்கவே மனம் கனக்கிறது. ஓர் உயிரின் பெயர் வசையாவதற்கு அதன் செயல் காரணமாக இருக்க வேண்டியதில்லை, அதைப் பற்றிய அச்சமே போதும்.

மூஞ்சூறுகளில் சிலவற்றுக்கு உண்மையாகவே நச்சு உமிழ்நீர் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வட அமெரிக்காவின் குறுவால் மூஞ்சூறும் ஐரோப்பிய நீர் மூஞ்சூறும் அவ்வகையின. இரையை மயக்கப் பயன்படும் அந்த நஞ்சு மாட்டைச் சாய்க்கும் அளவினது அன்று.

நுண்பொருள் எழுதியது:

கடைமடை அவர்களுக்கு நன்றி. விலங்கை நான் விட்டதற்குக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலச் சொற்கோவைகளில் லத்தீன் 'சிலந்தி எலி'க்கு நிகராக 'ஸ்க்ரேயாவா' காணப்படுகிறது. ஆனால் இடைக்கால ஆங்கிலத்தில் 'ஷ்ரூ' என்றால் பெரும்பாலும் கொடியவன்தான். விலங்கின் பெயராக அது மீண்டும் எழுத்தில் தலைகாட்டுவது பதினாறாம் நூற்றாண்டில். இந்த இடைவெளியால்தான் அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். பெரும்பான்மையோர் விலங்கின் பெயரே மனிதருக்கு ஏறியது என்கிறார்கள். மற்றவர்கள் ஜெர்மானிய மொழிகளில் பேயையும் குள்ளப் பூதத்தையும் குறிக்கும் ஒத்த ஒலிச் சொற்களைச் சுட்டி, கொடியவனைக் குறித்த சொல்லுக்குத் தனி வேர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். எந்தக் கட்சி வென்றாலும் வெண்தாள் அவர்களின் சிக்கலுக்கு விடை மாறாது. இரண்டிலும் அடிப்பொருள் அஞ்சத்தக்க தீமை.

பழஞ்சுவடி எழுதியது:

ஆங்கிலத்தில் நடந்ததைக் கண்டு நாம் வியப்பது நியாயம். ஆனால் தமிழில் இதே பாதையில் எதிர்த்திசையில் ஒரு சொல் நடந்திருக்கிறது என்பதையும், வெண்தாள் அவர்களின் தவறு அங்கேதான் தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

'சூழ்ச்சி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது" என்பது வினைசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறள். ஆராய்ந்து பார்ப்பதன் எல்லை துணிவு கொள்வது, கொண்ட துணிவைத் தாழ்த்திப் போடுவது தீது என்பது பொருள். அங்கே சூழ்ச்சி என்றால் ஆலோசனை. அமைச்சரைச் 'சூழ்வார்' என்றே வள்ளுவர் அழைக்கிறார். அவர்களை அரசன் தன் கண்ணாகக் கொள்ள வேண்டும் என்கிறார். ஒரு செய்தியை ஒரு பக்கம் மட்டும் பாராமல் நாற்புறமும் சூழ வந்து பார்ப்பதுதான் சூழ்தல். எவ்வளவு அழகான சொல்! இன்று ஒருவரைச் சூழ்ச்சிக்காரர் என்றால் வழக்குத் தொடுப்பார்.

ஆங்கிலத்தில் 'கன்னிங்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். அறிதல் என்ற வினையிலிருந்து பிறந்த அது முதலில் கல்வியையும் கைத்திறனையும் குறித்தது. 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் தாவீது யாழ் வாசிப்பதில் 'கன்னிங்' என்று புகழப்படுகிறான். இன்றோ அது வஞ்சகம். 'கிராஃப்டி' என்பதும் வலிமையையும் திறமையையும் குறித்த சொல்லாக இருந்து கள்ளத்தனமாகச் சரிந்தது. அறிவைக் குறிக்கும் சொற்கள் எல்லா மொழியிலும் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைத்தான் மிகுதியாகக் காண்கிறோம். தன்னைவிட அறிவுள்ளவனைப் பார்த்தால் மனிதனுக்கு ஐயம் எழுகிறது. அந்த ஐயம் சொல்லில் படிந்துவிடுகிறது. அந்த ஓட்டத்தில் எதிர்நீச்சல் போட்டு மேலேறிய சொல் என்பதால்தான் 'ஷ்ரூட்' தனித்து நிற்கிறது.

நம்மிடமும் மேலேறிய சொல் இல்லாமல் இல்லை. குறளில் 'களித்தான்' என்றால் கள்ளுண்டு மயங்கியவன். இன்று களிப்பு என்றால் மகிழ்ச்சி, அதில் கள்ளின் வாடையே கிடையாது.

மறைமொழி எழுதியது:

பழஞ்சுவடி அவர்கள் விவிலியத்தைத் தொட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். விவிலிய மொழிபெயர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்பது என் நெடுநாள் வழக்கம். ஒரே மூலத்துக்கு வெவ்வேறு நூற்றாண்டுகள் தேர்ந்தெடுத்த சொற்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விக்ளிஃப் என்ற ஆங்கிலச் சமய அறிஞரின் வழியினர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில், அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் பேதுரு மக்களை நோக்கி, இந்த 'ஷ்ரூட்' தலைமுறையினின்று உங்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்கிறார். தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் இருப்பது 'மாறுபாடுள்ள சந்ததி'. ஆக, அங்கே 'ஷ்ரூட்' என்பது விலகி ஓட வேண்டிய தீமை. இப்போது மத்தேயு பத்தாம் அதிகாரத்துக்கு வாருங்கள். இயேசு சீடர்களை அனுப்பும்போது பாம்புகளைப் போல எப்படி இருக்கச் சொன்னார்? 1970-களில் வெளியான நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் என்ற மொழிபெயர்ப்பு, பாம்புகளைப் போல 'ஷ்ரூட்' ஆக இருங்கள் என்கிறது. ஆறு நூற்றாண்டுக்கு முன் தப்பியோட வேண்டிய குணத்தின் பெயராக இருந்த சொல், இப்போது கைக்கொள்ள வேண்டிய குணத்தின் பெயராக வந்து நிற்கிறது.

அந்த மத்தேயு வசனத்தில் விக்ளிஃப் வழியினர் போட்ட சொல் 'ஸ்லை' என்பது; இன்று அதற்குக் கள்ளத்தனமான என்று பொருள். இன்று எந்த மொழிபெயர்ப்பாளரும் சீடர்களை நோக்கி 'ஸ்லை' ஆக இருங்கள் என்று எழுதத் துணியமாட்டார். ஒரு சொல் ஏறியது, இன்னொன்று இறங்கியது. இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயின.

தமிழ் விவிலியம் அந்த இடத்தில் "சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும்" என்கிறது. வினா என்பதற்கு விவேகம் என்ற பொருளும் உண்டு. கேள்வி கேட்டு உணரும் அறிவு என்பது அதில் தொனிக்கிறது. அநீதியுள்ள உக்கிராணக்காரன் (எஜமானின் சொத்தை மேற்பார்ப்பவன்) உவமையில், புதிய ஆங்கிலம் அவன் 'ஷ்ரூட்' ஆக நடந்துகொண்டான் என்று சொல்லும் இடத்தில், தமிழ் "புத்தியாய்ச் செய்தான்" என்கிறது. அவன் செய்தது முறைகேடு; ஆனால் எஜமான் மெச்சியது முறைகேட்டை அன்று, தனக்கு வரப்போவதை உணர்ந்து முன்கூட்டியே வழி செய்துகொண்ட அறிவை. முறைகேட்டின் பக்கத்தில் நின்றாலும் தான் முறைகேடு ஆகிவிடாத அந்த அறிவுதான் இன்றைய 'ஷ்ரூட்'.

அரும்பு எழுதியது:

நான் கல்லூரி மாணவி. ஒரு சிறு ஐயம். 'அஸ்டூட்' என்ற சொல்லும் இதே பொருளில்தானே வழங்குகிறது? இரண்டையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக ஆளலாமா?

நுண்பொருள் எழுதியது:

அம்மா, பல இடங்களில் ஆளலாம். ஆனால் வாடை வேறு. 'அஸ்டூட்' பதினேழாம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளப்பட்ட கற்றோர் சொல். லத்தீனில் அதன் அடிச்சொல் சூதைக் குறித்தாலும், ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது ஏறக்குறையக் குளித்துவிட்டே வந்தது. 'ஷ்ரூட்' அப்படி அன்று. அது மக்களின் வாயில் புழங்கி, அடியும் வசையும் பட்டு வளர்ந்த சொல். ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில்கூட அதற்கு நல்ல பொருள் தரவில்லை. தீய நோக்கோடு தந்திரமுள்ள, நன்மையைக் காட்டிலும் சூது மிகுந்த என்றே எழுதினார். பியாட்ரிஸ் பாராட்டப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அகராதி தயங்கியது என்றால், பழைய கறை எவ்வளவு அழுத்தமாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அதன் எச்சம் இன்றும் இருக்கிறது. ஒரு துறவியை யாரும் 'ஷ்ரூட்' என்று புகழ்வதில்லை. கொடுக்கல் வாங்கல், பேரம், அரசியல், வழக்கு என்று எதிரே ஒருவர் இருக்கும் இடத்தில்தான் அது பாராட்டாகிறது. தன்னை யாரும் ஏமாற்ற முடியாதபடி பார்த்துக்கொள்ளும் அறிவு அது.

கடைமடை எழுதியது:

அந்தக் கறைக்குத் தமிழில் நேர் நிகர் நம் பேச்சிலேயே இருக்கிறதே! "ஆள் பொல்லாதவர், அவரிடம் பேரம் பேசி ஜெயிக்க முடியாது" என்கிறோம். பொல்லாத என்றால் தீய. ஆனால் அப்படிச் சொல்லும்போது குரலில் இருப்பது வியப்பும் மதிப்பும்தான். "எமகாதகன்" என்பதும் அப்படியே. யமனையே வீழ்த்தக்கூடியவன் என்று பழி சொல்வது போலத் தொடங்கி, மலைப்போடு முடிகிறது. 'பொல்லாதவர்' என்ற சொல் இன்னும் சில நூற்றாண்டுகள் இதே திசையில் நடந்தால் முழுப் பாராட்டாகவே மாறிவிடக்கூடும். 'ஷ்ரூட்' நடந்த பாதையின் பாதித் தொலைவை அது ஏற்கெனவே கடந்துவிட்டது என்பேன்.

பழஞ்சுவடி எழுதியது:

கடைமடை அவர்கள் சொன்னது மிகச் சரி. இருந்தாலும் மொழிபெயர்ப்பில் 'பொல்லாதவர்' என்று எழுதினால் மெய்ப்புப் பார்ப்பவரின் பென்சில் மறுபடியும் கீழிறங்கும். பேச்சில் குரல் பொருளைத் தாங்குகிறது. அச்சில் குரல் கிடையாது. ஆகவே பெயரடைக்குப் பெயரடை தேடாமல், அந்த அறிவு என்ன செய்தது என்பதை வினையாக்கிச் சொல்வதே தமிழுக்கு இயல்பு. எடை போடுதல், நாடி பிடித்தல், ஆழம் பார்த்தல், கணித்தல் என்று இந்தப் பண்புக்கு நம்மிடம் வினைகள் நிரம்ப இருக்கின்றன. 'விவரமானவர்' என்ற சொல்லும் சில இடங்களுக்குப் பொருந்தும்.

வெண்தாள் எழுதியது:

எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. மூன்று இடங்களையும் நேற்றிரவு மாற்றி எழுதினேன்.

முதல் இடம்: "எவரையும் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவார், அந்தக் கணக்கு தவறியதில்லை." இரண்டாவது இடம்: "மற்றவர்கள் தயங்கி நின்ற நேரத்தில், ஆழம் பார்த்துக் காலை வைத்தார்." மூன்றாவது இடம்தான் நெடுநேரம் பிடித்தது. பங்காளி விலகப் போவதை ஊகித்த அந்த ஊகத்தில், நல்ல அறிவோடு மனிதர்மீது சிறிது ஐயமும் கலந்திருக்கிறது. நுண்பொருள் ஐயா சொன்ன எச்சம் அங்கே இருப்பதாக உணர்ந்தேன். அதை முழுவதும் துடைத்துவிட மனம் வரவில்லை. ஆகவே இப்படி எழுதினேன்: "அவர் வாய் திறப்பதற்கு முன்பே, அவர் போகப் போகிறார் என்பதை அம்மையார் மோப்பம் பிடித்துவிட்டார்."

'மோப்பம்' என்று எழுதியபோது கடைமடை அவர்கள் வருணித்த, மூக்கை நீட்டிக்கொண்டு ஓயாமல் அலையும் அந்தச் சிற்றுயிர்தான் கண்முன் நின்றது. மெய்ப்புத் தாள் இன்று காலை திரும்பி வந்தது. இந்த முறை அந்த மூன்று வரிகளின் ஓரத்திலும் பென்சில் குறி எதுவும் இல்லை.